பழைய விறகடுப்பை வீட்டிலேயே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஸ் அடுப்பு வராத வீடு இன்று குறைவு. ஆனாலும் கொல்லைப்புறத்திலோ தாழ்வாரத்திலோ ஒரு மண் அடுப்பு இருக்கத்தான் செய்கிறது. குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுக்குக் கஞ்சி, விசேஷ நாளில் பெரிய பாத்திரச் சமையல் எல்லாம் அதில்தான். சிலிண்டர் விலை ஏறும்போது அன்றாடச் சோறும் அதற்கே திரும்பிவிடுகிறது. பல மாதம் சும்மா கிடந்த அடுப்பைப் பற்றவைத்தால் வெடிப்பு தெரியும், வீடெல்லாம் புகை சூழும். உடனே ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுகிறார்கள். அதைத் தடுக்கவே இந்தப் பக்கம். பெரும்பாலும் மண் அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். செங்கல், தகரம், புகைபோக்கி வைத்த அடுப்புகளும் இடையில் வரும்.

வெடித்துப்போன அடுப்பைச் சரிசெய்தால் போதுமா, இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

இரண்டு கையாலும் அடுப்பைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். அடி அசையாமல் இருந்தால் சரிசெய்யலாம். வாய்க்கு மேலே நெடுக்காக ஓடும் வெடிப்பு எல்லா அடுப்பிலும் வரும். உள்பக்கம் கொதித்து வெளிப்பக்கம் ஆறியே இருந்தால் மண் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அடிப்பக்கத்துக்கு. எறும்பு மண்ணை வெளியே தள்ளியிருக்கிறதா, எலி வளை போட்டிருக்கிறதா, தரையிலிருந்து ஈரம் ஏறி அடி உதிர்கிறதா என்று பாருங்கள். அடி பொக்கையாக இருந்தால் மேலே எவ்வளவு பூசினாலும் நிற்காது. பத்துப் படிச் சோறு கொதிக்கும் பாத்திரத்தோடு அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை இடித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? வெடிப்பை அடைத்துவிட்டாலும் புகை நிற்கவில்லையே?

வெடிப்பால் புகை வருவது அபூர்வம். கண்ணில் படுவது வெடிப்பு என்பதால் எல்லோரும் அதையே அடைக்கிறார்கள். காற்று எங்கே நுழைகிறது, புகை எங்கே வெளியேறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய அடுப்பில் இந்தப் பாதை மூன்று இடத்தில் கெடும்.

முதலாவது, குமிழ். பாத்திரம் உட்காரும் அந்த மூன்று மேடுகளைத்தான் சொல்கிறேன். பாத்திரத்தை ஏற்றி இறக்கித் தேய்ந்துபோனால் பாத்திரம் அடுப்பின் விளிம்பிலேயே படிந்துவிடும். நெருப்புக்கு மேலே போக வழியில்லை. அது வாய் வழியாகத் திரும்பி வந்து, ஊதுகிறவர் முகத்தில் அடிக்கும். இதற்கு வெடிப்பை அடைத்து என்ன பயன்?

இரண்டாவது, தரைமட்டம். வாராவாரம் சாணமும் மண்ணும் போட்டு மெழுகி, சாம்பலையும் முழுசாக அள்ளாமல் விட்டால் அடுப்பின் உள்தரை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். பாத்திரத்தின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடம் இருந்த அடுப்பில் அரைச் சாண்தான் மிஞ்சும். விறகு வைத்ததும் அந்த இடமும் அடைந்துவிடும், காற்று நுழைய இடமிருக்காது. ஒரு பழைய கரண்டியால் உள்தரையைச் சுரண்டுங்கள். அடியில் செங்கல்லோ சிவந்த கெட்டித் தரையோ தட்டுப்படும். அதுதான் அடுப்பு போட்ட நாளில் இருந்த மட்டம். பல வீடுகளில் இந்தச் சுரண்டலோடு வேலை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, வாய். விறகைத் திணித்துத் திணித்து ஓரம் உடைந்து வாய் அகன்றிருக்கும். அகன்ற வாயில் தேவைக்கு மேல் குளிர்ந்த காற்று புகுந்து தீயைத் தணிக்கும். பழைய அளவுக்குக் கட்டி எடுக்க வேண்டும்.

சிமெண்ட் பூசினால் உறுதியாக இருக்குமே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

சிமெண்ட் கெட்டியாவது தண்ணீரைத் தனக்குள் பிணைத்துக்கொண்டுதான். சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அப்படிப் பிணைந்த தண்ணீர் பெரும்பகுதி கழன்றுவிடும். விறகுத் தணல் அதைவிட மிக அதிகமாகச் சுடும். காய்ந்து நொய்ந்த சிமெண்டில் சோறு பொங்கி வழிந்தோ மழைச்சாரல் பட்டோ ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு மறுபடி தண்ணீரை வாங்கி உப்பி, பூச்சு பாளம் பாளமாக உரியும். இது போக, மண்ணும் சிமெண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் பூசிய இடம் தனித் தகடாகப் பிரிந்து, போகும்போது பழைய மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

அடுப்பு மேடைக்கும் வெளிச்சுவரின் அடிப்பகுதிக்கும் சிமெண்ட் பூசலாம். நெருப்புப் படும் இடத்தில் மண் மட்டுமே. சாலையோரம் விற்கும் சிமெண்ட் அடுப்புகள் சில மாதத்திலேயே வெடிப்பதும் இதனால்தான். அதை வாங்கியிருந்தால் உள்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு மண்ணை அப்பிக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். கூடுதல் காலம் வரும்.

எந்த மண் எடுப்பது?

செம்மண்ணும் களிமண்ணும் கலந்தது நல்லது. குளத்து அடியில் கிடைக்கும் களிமண், அதில் மணல், கொஞ்சம் செம்மண் என்று கலப்பது எங்கும் உள்ள வழக்கம். புற்றுமண் இதற்கு மிக அருமையானது. கரையான் அரைத்துக் குழைத்த மண்ணாதலால் கல் இருக்காது, நைசாக இருக்கும், நன்றாக ஒட்டும். ஆனால் பாம்பு குடியிருக்கும் புற்றில் கை வைக்கக் கூடாது. ஊரார் கும்பிடும் புற்றிலும் எடுக்கக் கூடாது. மழையில் கரைந்து சரிந்து கிடக்கும் பழைய புற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கரிசல் மண் வேண்டவே வேண்டாம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து நிலத்தில் கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் விடுமே, அதே குணம் அடுப்பிலும் வரும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண் அது. சுற்றிலும் கரிசல்தான் என்றால் செம்மண்ணை வெளியிலிருந்து கொண்டு வருவதைத் தவிர வழியில்லை.

மேல் மண்ணை ஒரு முழம் தள்ளிவிட்டு, அடியில் இருப்பதை எடுங்கள். வேரும் மக்கிய இலையும் இருக்கும் மண் காயும்போது ஓட்டை விழும்.

மண் சரியான பதத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிசைந்த மண்ணை விரல் கனத்துக்குத் திரியாக உருட்டுங்கள். அதை மேசை விளிம்பில் மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே வாருங்கள். 5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்துவிட்டால் மணல் அதிகம், களிமண் சேர்க்க வேண்டும். 15 சென்டிமீட்டரைத் தாண்டியும் தொங்கிக்கொண்டே இருந்தால் களி அதிகம், மணல் சேர்க்க வேண்டும். இடையில் ஒடிந்தால் நல்ல பதம்.

அடுத்ததாக, ஒரு அடை தட்டி அதன் மேல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி நிழலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு கோட்டை அளந்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறதா? அப்படியானால் அடுப்பிலும் அதே விகிதத்தில் சுருங்கி வெடிக்கும். மணலோ செங்கல் பொடியோ சேர்த்து மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும் சோதனைதான், ஆனால் இதைத் தவிர்த்தவர்கள்தான் ஒரே வெடிப்பை வருஷா வருஷம் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கலவை எப்படிச் செய்வது?

ஒரே அளவை எல்லா ஊர் மண்ணுக்கும் சொல்ல முடியாது. களி அதிகமுள்ள மண் ஒரு பங்கு என்றால் சல்லடையில் சலித்த மணல் ஒன்றரை முதல் இரண்டு பங்கு என்று ஆரம்பித்து, மேலே சொன்ன சோதனையை வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உடைந்த மண்பானை ஓட்டை இடித்துப் பொடியாக்கிச் சேர்த்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே சூளையில் சுட்டு முடிந்த மண் அது. இனிச் சுருங்காது.

நார்ச்சத்துக்கு வைக்கோலை விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுவார்கள். அது வெளிப்பூச்சுக்கு. உள்பக்கத்துக்கு உமி போதும். உமி எரிந்துபோன இடத்தில் சின்னச் சின்னத் துளை விழும். அந்தத் துளைகளில் காற்று நிற்பதால் சூடு சுவருக்குள் போய் வீணாவது குறையும். சாணம் பிசுபிசுப்புக்கும் மென்மைக்கும். ஆனால் கலவையில் பாதி சாணமாக இருக்கக் கூடாது, கை நிறைய அள்ளிப் போட்டாலே போதும்.

எல்லாவற்றையும் நனைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். தினமும் ஒரு முறை காலால் மிதியுங்கள். மூன்றாம் நாள் ஒரு புளித்த வாடை வரும், மண் கையில் ஒட்டாமல் வழுக்கும். அதுதான் பூசும் பதம். அவசரத்துக்கு அன்றே குழைத்து அன்றே அப்பும் மண்ணில் உள்கட்டி நனைந்திருக்காது.

வெடிப்பை அடைக்கும் முறை என்ன?

மேலே அப்பினால் நிற்காது. வெடிப்பை முதலில் பெரிதாக்க வேண்டும். பழைய கத்தியாலோ ஆணியாலோ உள்ளே போகப் போக அகலும்படி பள்ளம் தோண்டுங்கள். உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிடுங்கள். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய இடத்தில் புது மண் பிடிக்காது. அதைச் சுரண்டி, மண் நிறம் தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் தண்ணீர். இங்கேதான் பொறுமை வேண்டும். வறண்ட பழைய மண் புதுப் பூச்சின் ஈரத்தை ஒரே மடக்கில் குடித்துவிடும். பூச்சு உட்காருவதற்குள் சுருங்கிப் பிரியும். தெளித்துத் தெளித்து, இனி உறிஞ்சாது என்ற நிலை வந்ததும் நிறுத்துங்கள். அதன் மேல் மோர் பதத்தில் கரைத்த களிமண் கரைசலைத் துணியால் தடவுங்கள். அது காய்வதற்குள் கலவையைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் திணியுங்கள். மேலோட்டமாக வழிப்பது கூடாது.

என் அத்தை அடுப்பு பூசும்போது இதற்குப் பிறகு எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவார். பூச்சு பாதி காய்ந்து, விரல் நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து, ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லால் அந்த இடத்தை வட்டமாகத் தேய்ப்பார். அதற்குள் ஓடியிருக்கும் மயிரிழை வெடிப்புகள் அந்தத் தேய்ப்பில் மூடிக்கொள்ளும். மறுநாளும் ஒரு முறை தேய்ப்பார். இந்த இரண்டாவது கைதான் பூச்சை நிறுத்துகிறது. முதல் நாளே பூசிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்களின் பூச்சு விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

குமிழை மறுபடி எப்படிக் கட்டுவது?

உடைந்த ஓட்டாஞ்சில்லையோ செங்கல் துண்டையோ உள்ளே வைத்து அதைச் சுற்றி மண் கட்டினால் பாத்திரத்தின் எடையைத் தாங்கும். மூன்று குமிழ்தான் வேண்டும், நான்கு வைத்தால் ஏதாவது ஒன்றில் பாத்திரம் ஆடும். விளிம்புக்கு மேல் சுண்டு விரல் கனம் உயர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் தீ பாத்திரத்தின் அடியில் தங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும், விறகு செலவாகும். ஈரமாக இருக்கும்போதே அன்றாடம் வைக்கிற பாத்திரத்தை மெல்ல வைத்து மட்டம் பார்த்து எடுத்துவிடுங்கள்.

ஆற்றுக் கல்லைக் குமிழாக வைக்காதீர்கள். ஈரம் உள்ளே தங்கிய கல் சூட்டில் தெறிக்கும்.

கொடியடுப்பு பற்றவே இல்லை. பக்கத்து அடுப்பு மட்டும் எரிகிறது. என்ன செய்ய?

பெரிய அடுப்பை ஒட்டியிருக்கும் சின்ன அடுப்புதான் கொடியடுப்பு. பெரிய அடுப்பின் தீயும் சூடும் பக்கத்துக் குழி வழியாகப் போய்த்தான் அதில் குழம்பு கொதிக்க வேண்டும். அந்த வழி சாம்பலால் தூர்ந்திருக்கும். அடுப்பு முழுசாக ஆறிய பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவி வெளியே எடுங்கள். தேளோ பூரானோ இருக்கலாம் என்பதால் முதலில் ஒரு குச்சியால் கிளறிவிட்டுக் கையை விடுங்கள். வழி பெரிய அடுப்பிலிருந்து கொடியை நோக்கி மேலேறும் சரிவாக இருக்க வேண்டும். மெழுகி மெழுகி அது மட்டமாகிப்போயிருந்தால் சுரண்டிச் சரிவைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கொடியில் பாத்திரம் இல்லாமல் பெரிய அடுப்பை எரிக்கிறவர்கள் உண்டு. சூட்டில் ஒரு பகுதி அந்தத் துளை வழியே வீணாகப் போகும். ஒரு குண்டானில் தண்ணீராவது வைத்துவிடுங்கள், பாத்திரம் கழுவ வெந்நீர் ஆகும்.

வீட்டில் பழைய புகையில்லா அடுப்பு இருக்கிறது. இப்போது அதுவும் புகைகிறது. ஏன்?

1980களில் மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடெங்கும் புகைபோக்கி வைத்த அடுப்புகள் போட்டுக் கொடுத்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆஸ்த்ரா என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு வடிவமைத்த மூன்று பாத்திர அடுப்பும் அந்தக் காலத்தது. போட்டுக் கொடுத்ததோடு சரி, பராமரிப்பை யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் பல வீடுகளில் அது மூலையில் கிடக்கிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. வேலை செய்கிற ஒரு நல்ல அடுப்பு, குழாயில் கரி அடைத்த ஒரே காரணத்தால் கைவிடப்பட்டிருக்கிறது.

முதலில் குழாயைத் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே கரி. ஒரு நீளக் கம்பியின் முனையில் சாக்கைப் பந்தாகச் சுற்றிக் கட்டி, மேலிருந்து கீழே இழுத்துத் துடையுங்கள். தினமும் எரிக்கும் அடுப்புக்கு மாதம் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். ஈர விறகு எரிப்பவர்களுக்கு இன்னும் அடிக்கடி. உள்ளே தார் போலப் படியும் கரி தீப்பற்றக்கூடியது. கூரையோ ஓலையோ பக்கத்தில் இருந்தால் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

அடுத்து, பாத்திரத் துளை. இந்த அடுப்பில் குமிழ் இருக்கக் கூடாது. சாதாரண அடுப்பைப் பழகிய கை இதிலும் மூன்று குமிழைக் கட்டிவிடுகிறது. இடைவெளி வழியாக வெளிக்காற்று புகுந்தால் புகைபோக்கியின் இழுவை போய்விடும். பாத்திரம் துளையில் அடைத்தாற்போல் உட்கார வேண்டும். துளை தேய்ந்து அகன்றிருந்தால் உங்கள் பாத்திரத்தின் அளவுக்கு மண் பூசிக் குறையுங்கள்.

குழாயின் உச்சி கூரையைவிடக் குறைந்தது 2 அடியாவது மேலே நிற்க வேண்டும். மழை புகாமல் ஒரு மூடி, ஆனால் புகை வெளியேற இடம்விட்ட மூடி.

அந்தக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ் குழாய். உடைத்து மாற்றலாமா?

உடைக்க வேண்டாம், அறுக்க வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அதன் நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். முழுசாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டு உள்ளே மட்டும், நன்றாக நனைத்த துணியால், கம்பி தூரிகை இல்லாமல் துடையுங்கள். விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்து, முழுக் குழாயாகக் கழற்றி, பாலித்தீனில் சுற்றி, குழந்தைகள் தொடாத இடத்தில் வையுங்கள். அப்புறப்படுத்த உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். புதிதாகப் போடுவதற்குச் சுட்ட மண் குழாய் நல்லது. பிவிசி குழாய் போட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். அது உருகி வளைந்து நச்சுப் புகை விடும். கூடவே கூடாது.

செங்கல் அடுப்பு. சில கற்கள் உதிர்ந்துவிட்டன. எந்தக் கல் வாங்குவது?

நன்றாகச் சுட்ட சேம்பர் கல் போதும். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஃப்ளை ஆஷ் கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், இரண்டும் சுட்ட கல் அல்ல. கடையிலோ விடுதியிலோ நாள் முழுக்க எரியும் அடுப்பென்றால் மட்டும் நெருப்புப் படும் வரிசைக்குக் கடும் சூடு தாங்கும் ஃபயர் பிரிக் கல் வாங்குங்கள். அதை ஒட்ட ஃபயர் கிளே என்று கேட்டால் பாய்லர் சாமான் விற்கும் கடையில் தருவார்கள். வீட்டு அடுப்புக்கு அந்தச் செலவு தேவையில்லை. கல்லை ஒட்டவும் மண்தான், சிமெண்ட் கலவை வேண்டாம்.

தகர அடுப்பு அடி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது.

ஓட்டையை வேறு தகரம் வைத்து அடைத்து, உள்ளே சுற்றிலும் ஒன்றரை அங்குலத்துக்கு உமி கலந்த மண்ணைப் பூசுங்கள். தகரம் நேராகச் சுடாமல் இருந்தாலே ஆயுள் கூடும். கால் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் குறையும். அடைக்கும் தகரம் துத்தநாகம் பூசிய ஜிஐ தகடாக இருக்க வேண்டாம். நெருப்பில் அந்தப் பூச்சு புகையாகும், சுவாசிக்க நல்லதல்ல. பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா எதையும் அடுப்பாக்காதீர்கள்.

விறகு வைக்கும் கம்பிச் சட்டம் வளைந்துபோயிருந்தால் 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பித் துண்டுகளை விரல் கன இடைவெளியில் போட்டாலே ஆயிற்று. அடியிலிருந்து காற்று வந்தால் தணல் முழுசாக எரியும், கரி மிஞ்சாது.

வெந்நீர் போடும் செம்பு பாய்லர் ஒழுகுகிறது. நானே பற்று வைக்கலாமா?

வேண்டாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற, பற்று வைக்கிற ஆசாரியிடம் கொடுங்கள். சுற்றிலும் தண்ணீர் இல்லாமல் நடுக்குழாயில் நெருப்பு போட்டிருந்தால் பற்று உருகிக் கழன்றிருக்கும். அதுதான் வழக்கமான காரணம். தண்ணீர் ஊற்றிய பிறகே தணல் போடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம், பற்றில் காரீயம் இருக்கலாம்.

அடுப்பைச் சரிசெய்துவிட்டால் புகையால் வரும் கெடுதல் போய்விடுமா?

குறையும், போகாது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றில் சமைப்பதால் வரும் வீட்டுப் புகை 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேரின் உயிரை முன்கூட்டியே எடுத்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளுக்கே போய்ப் புகைத்துகளை அளந்திருக்கிறார்கள். அதிகப் புகை போவது அடுப்பின் முன் உட்கார்ந்து சமைப்பவருக்கு, அதாவது பெரும்பாலும் பெண்களுக்கு.

ஆகவே முடிந்தவரை அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் திறப்பு வையுங்கள், எதிர்ச் சுவரில் சன்னல் வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள். பாத்திரத்துக்கு மூடி போடுங்கள், பருப்பை ஊறவைத்துப் போடுங்கள். அடுப்பு எரியும் நேரம் குறைந்தாலே புகையும் குறையும்.

குளிருக்காகத் தணலை அள்ளி மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, கண்ணும் எரியாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து எழுந்திருக்கவே முடியாமல் போகும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கேஸ் அடுப்பு இருக்கும் அறையிலேயே விறகடுப்பும் வைக்கலாமா?

கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் படியும். விறகடுப்பும் தரையில் இருக்கிறது. அணைந்தது போலத் தெரியும் சாம்பலுக்குள் மறுநாள் காலை வரை கங்கு இருக்கும். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் எந்தப் பழுதுபார்ப்பும் காப்பாற்றாது.

எந்த விறகு போடலாம்?

கருவேலம், சீமைக்கருவேலம், புளி, சவுக்கு நன்றாக நின்று எரியும். முருங்கை வீண். தென்னை மட்டையும் பாளையும் பற்றவைக்க. கொட்டாங்குச்சி சட்டென்று சூடு தரும், ஆனால் அது மட்டும் போட்டால் பாத்திரம் கருகும். அப்போது வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர்கூட இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே விறகின் சூடு செலவாகிறது, புகையும் அதனால்தான். ஒரு கோடை முழுக்கப் பிளந்து காயவைத்த விறகே விறகு.

அரளிக் கட்டை கூடவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் பை இவற்றையும் தள்ளிவையுங்கள். எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

அன்றாடம் மெழுகுவது தேவைதானா?

தேவை. செம்மண் கரைசலில் துணியை நனைத்து ஆறிய அடுப்பின் மேல் ஒரு வழி வழித்துவிடுவதுதான் இருப்பதிலேயே மலிவான பழுதுபார்ப்பு. மயிரிழை வெடிப்பு பெரிதாவதற்குள் மூடிவிடும். வெள்ளிக்கிழமை மெழுகிக் கோலம் போடுகிற வீட்டு அடுப்பு இருபது வருடம் நிற்பதன் காரணம் இதுதான். மெழுகுவது மெல்லிய பூச்சாக இருக்கட்டும், உள்தரையில் வேண்டாம். முன்னே சொன்ன மட்டம் உயரும்.

இடித்த அடுப்பின் மண்ணை என்ன செய்வது?

கொட்டிவிடாதீர்கள். நெருப்பு படாத வெளிமண்ணை உடைத்துத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி களியாகும், புது அடுப்புக்கு அதுவே அடிப்படை. உள்ளே செங்கல் நிறத்தில் சிவந்துபோன பகுதி தண்ணீரில் கரையாது. அதை உரலில் இடித்துச் சலித்து, மணலுக்குப் பதிலாகக் கலவையில் சேருங்கள். பழைய அடுப்பு மண்ணில் கட்டிய புது அடுப்பு புது மண்ணைவிடக் குறைவாகவே சுருங்குகிறது.

பூசிய பிறகு எத்தனை நாளில் எரிக்கலாம்?

சின்ன வெடிப்புக்கு மூன்று நாள். குமிழும் வாயும் கட்டியிருந்தால் ஒரு வாரம். முழு அடுப்பென்றால் இரண்டு மூன்று வாரம், மழைக்காலத்தில் இன்னும் கூடும். நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு அங்கிருந்து ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். பொங்கலுக்குப் புது அடுப்பு வேண்டும் என்றால் மார்கழி முதல் வாரத்திலேயே மண்ணை ஊறப்போட்டு, பனி விழாத கூரைக்கடியில் பூசிவிடுங்கள்.

முதல் நாள் தென்னஞ்சிரட்டை ஒன்றிரண்டும் சுள்ளியும் போட்டு அரை மணி நேரம் மட்டும் எரியுங்கள், பாத்திரம் வைக்க வேண்டாம். பூசிய இடத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அணைத்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். ஆவி வராத நாளிலிருந்து விறகு போட்டு ஒரு செம்புத் தண்ணீர் காயவையுங்கள். அதன் பிறகு சோற்றுப் பானையை ஏற்றலாம்.